ஷிரோத்கர் தையலும் ஒரு சென்னை இதழும்

கரு நான்கு மாதம் வரை நன்கு வளரும். பிறகு ஒருநாள், பெரிய வலி ஏதுமின்றி, கலைந்துவிடும். அடுத்த முறையும் அவ்வாறே. இத்தகைய பெண்களுக்கு மருத்துவர்கள் படுக்கை ஓய்வையும் ஹார்மோன் ஊசிகளையும் பரிந்துரைத்து வந்தனர். ஊரார் அவர்களின் ராசியைக் குறை கூறினர். இக்குறை பல பெண்களிடம் கருப்பை வாயின் தளர்ச்சியால் நேர்கிறது என்று கண்டு, அதற்கு அறுவை வழியில் தீர்வு தேடியவர்களுள் முதன்மையானவர் விட்டல் நாகேஷ் ஷிரோத்கர்.

போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த கோவாவின் ஷிரோடா என்னும் ஊரில் 1899இல் பிறந்தவர் அவர், ஊர்ப்பெயரே குடும்பப்பெயர். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1927இல் எம்.டி. பட்டமும் 1931இல் இங்கிலாந்தில் எஃப்.ஆர்.சி.எஸ். தகுதியும் பெற்றார். பின்னர் அதே கல்லூரியில் மகப்பேறு, மகளிர் மருத்துவப் பேராசிரியரானார்.

1950இல் அமெரிக்காவில் லாஷ், லாஷ் ஆகிய இருவர் இக்குறைக்கு ஓர் அறுவையை விவரித்திருந்தனர். ஆனால் அது கருவுறாத காலத்தில் செய்யப்படுவது. ஷிரோத்கர் கரு வயிற்றில் இருக்கும்போதே கை வைத்தார். யோனிச் சவ்வைக் கீறி, சிறுநீர்ப்பையை மேலே தள்ளி, கருப்பை வாயின் உள்துளை மட்டத்தில் ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டினார். அந்தப் பட்டை அப்பெண்ணின் தொடையிலிருந்தே எடுக்கப்பட்ட தசையுறைத் துண்டு! செயற்கை நாடாக்கள் பின்னர் வந்தவை.

இந்த அறுவை 1955இல் கட்டுரையாக வெளிவந்தது லண்டனில் அன்று. சென்னையில், 1904இல் மருத்துவர் யு. ராமராவ் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' இதழில். உலகெங்கும் மகப்பேறு நூல்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. அதை அச்சிட்ட நகரத்திலோ அவ்விதழின் பெயரை அறிந்தோர் சிலரே.

இரண்டே ஆண்டுகளில், 1957இல், மெல்போர்னைச் சேர்ந்த இயன் மெக்டொனால்ட் எளிய முறையொன்றை வெளியிட்டார். சவ்வைக் கீற வேண்டியதில்லை. சுருக்குப்பையின் வாயைச் சுருக்குவதுபோல் நூலோட்டினால் போதும். எளிமையே வென்றது. இன்று பெரும்பாலும் போடப்படுவது அத்தையலே.

சொல் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். இக்குறைக்கு ஆங்கில மருத்துவம் இட்ட பெயர் 'செர்விகல் இன்காம்பிடென்ஸ்', அதாவது கருப்பை வாயின் திறமையின்மை. பணியில் தவறிய ஊழியரைக் கண்டிக்கும் சொல்லைத்தான் குழந்தையை இழந்தவளின் உடலுக்கும் சூட்டினார்கள். இப்போது 'இன்சஃபிஷியன்ஸி' என்னும் சற்றே மென்மையான சொல் அதன் இடத்தைப் பிடித்து வருகிறது.

தையல் எல்லோருக்கும் உதவுவதில்லை. 1,292 பெண்களிடம் நடந்து 1993இல் முடிவுகள் வெளியான பன்னாட்டு ஆய்வு, ஏறத்தாழ 25 பேரில் ஒருவருக்கே அதனால் உறுதியான பயன் எனக் கண்டது. முன்னரே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருப்பங்களைக் காலத்துக்கு முன் இழந்தவர்களிடம் பயன் தெளிவாக இருந்தது. ஷிரோத்கர் இதைக் காண உயிரோடில்லை. பத்ம விபூஷண் விருது பெற்ற அதே 1971இல், மார்ச் மாதத்தில், அவர் காலமானார்.