விசாரிப்பவரே செவிமடுப்பவராகலாமா? திருகோணமலை வளாகமும் மாணவர் உளநலமும்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் அமைந்துள்ளது. தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் ஒரே மண்டபத்தில் ஆங்கில மொழிமூலம் பயிலுமிடம் அது. அங்கே மனமுடைந்த ஒரு மாணவி யாரிடம் போவாள்? உளநலம் பற்றிய எந்த ஆய்வும் இக்கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் பொறுப்பு விரிவுரையாளருக்கு மேலதிகக் கடமையாகவே வழங்கப்படுகிறது. விடுதிப் பிணக்கிலும் பகிடிவதை முறைப்பாட்டிலும் தலையிடுபவர் அவர். விடைத்தாள் திருத்துபவரும் அவராக இருக்கலாம். பகிடிவதையைக் குற்றமாக்கிய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அவசியமானதே. ஆயினும் ஒழுக்காற்று விசாரணையில் எதிரே அமர்பவரிடம், இரவில் உறக்கமில்லை என்று எந்த மாணவர் மனந்திறப்பார்?

திருகோணமலை மாவட்டத்தில் இப்படி மனந்திறக்கத் தயங்குவதற்கு ஆழமான வேர் உண்டு. இன்றைய மாணவர் பலர் 2004 ஆழிப்பேரலையை ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர்கள். 2006இல் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டபோது சேருவிலப் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் நீரின்றித் தவித்தனர். தொடர்ந்து மூண்ட சண்டையில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினர். சம்பூர்த் தமிழர் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர்; 2015 முதலே அவர்களுக்குக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. ஓராண்டின் நிகழ்வுகள் மூன்று சமூகங்களிலும் மூன்று விதமாகப் பதிந்துள்ளன. அதே 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் கைதான விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். முறையிட்டு என்ன பயன் என்ற பெற்றோரின் கேள்வியோடு வளர்ந்த பிள்ளைகளிடம், நீயாக வந்து பேசு என்பது போதாது.

போரின் வடு தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சிதைக்கிறது என்பது உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக வலியுறுத்திவரும் கருத்து. அன்றாட நெருக்கடிகளும் போர் அனுபவத்தைப் போலவே உளநலத்தைப் பாதிக்கின்றன என ஆய்வாளர்களான மில்லரும் ராஸ்முசனும் 2010இல் வாதிட்டனர். அப்படியானால் தனி அறையில் நடக்கும் உளவளத்துணையால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாபொலப் புலமைப்பரிசில் கொடுப்பனவு தாமதித்தால் வெறும் பேச்சு பசியாற்றாது. ஆனால் உணவுக்குக் காசில்லை என்பதையும் அச்சமின்றிச் சொல்ல ஓரிடம் வேண்டும். சொன்னால்தான் உதவிக்கு வழி பிறக்கும்.

தேசிய உளநல உதவி இலக்கமான 1926 அவசரத்துக்குக் கைகொடுக்கும். நாள்தோறும் அருகிருந்து கேட்பவருக்கு அது ஈடாகாது. ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இவ்வளாகத்துக்கு, பரீட்சையோடும் ஒழுக்காற்றோடும் தொடர்பற்ற முழுநேர உளவளத்துணையாளர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் நியமிக்க வேண்டும். அவர்களிடம் சொல்லப்படுபவை மாணவரின் உயிருக்கு ஆபத்து நேரும் நிலையிலன்றி வெளியே போகாது என எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்கு நேரடியாக அனுப்பும் வழியும் திறக்கப்பட வேண்டும். அதுவரை விரிவுரையாளர்களின் தோளில் இவ்விரட்டைச் சுமையை ஏற்றிவைப்பது அவர்களுக்கும் மாணவருக்கும் இழைக்கும் அநீதி.