சைரன் அடிச்சும் ஏன் ஓடல? 2011 டொர்னேடோ சீசனின் கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

ஐடியில ஆன்-கால் பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்க. ராத்திரி 3 மணிக்கு ஃபோன் அலறும். முதல் வாரம் பதறியடிச்சு எழுந்து லேப்டாப்பைத் திறப்போம். பார்த்தா ஒண்ணும் இருக்காது, தானாவே சரியாகியிருக்கும். ரெண்டாவது மாசம் படுத்தபடியே 'ஓகே' அமுக்கிட்டுத் திரும்பிப் படுத்துடுவோம். எங்க தொழில்ல இதுக்கு அலர்ட் ஃபட்டீக்னு பேர். எனக்கு அதிகபட்சம் ஒரு சர்வர் விழும், காலையில திட்டு விழும், அவ்வளவுதான். ஆனா 2011 மே 22 அன்னைக்கு அமெரிக்காவுல ஜாப்ளின்ங்கிற ஊர்ல 161 பேர் இறந்துபோனதுக்கான காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. இன்னைக்கு அந்தக் கதை.

முதல்ல ஒரு தெளிவு. டொர்னேடோ வேற, நம்ம ஊர் புயல் வேற. வங்கக் கடல்ல உருவாகுற புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் இருக்கும், கரைக்கு வர நாள்கணக்குல ஆகும். பேர் வச்சு, பால் பாக்கெட் வாங்கி, மெழுகுவர்த்தி எடுத்து வைக்க டைம் இருக்கு. டொர்னேடோ ஒரு இடி மேகத்துலேர்ந்து தரைக்கு இறங்குற சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். சில நிமிஷத்துல உருவாகி, ஒரு தெருவைத் தரைமட்டமாக்கிட்டு அடுத்த தெருவை அப்படியே விட்டுட்டுப் போயிடும். அதனால முன்னறிவிப்பு நிமிஷக் கணக்குலதான்.

சொல்லக் கூடாத வார்த்தை

அந்த நிமிஷங்களுக்காக அமெரிக்கா பல வருஷம் போராடியிருக்கு. ஆரம்பத்துல நிலைமை எப்படி இருந்துச்சு தெரியுமா? 1880-கள்லேர்ந்து 1938 வரைக்கும் அரசு வானிலை அறிக்கைகள்ல 'டொர்னேடோ'ங்கிற வார்த்தையே வரக் கூடாதுன்னு தடை. ஜனங்க பீதியாகி ஓடுவாங்க, டொர்னேடோவை விட அந்தப் பீதிதான் அதிகச் சேதம் பண்ணும்னு பயம். இந்தத் தடை இருந்த காலத்துலதான், 1925 மார்ச் 18 அன்னைக்கு, மிசௌரி, இல்லினாய், இண்டியானா மூணு மாநிலத்தையும் ஒரே டொர்னேடோ கடந்து போச்சு. சுமார் 350 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், 695 பேர் மரணம். எந்த எச்சரிக்கையும் கிடையாது.

அப்புறம் 1948. ஓக்லஹோமாவுல டிங்கர் விமானப்படைத் தளத்தை மார்ச் 20 அன்னைக்கு ஒரு டொர்னேடோ நொறுக்குது. அங்க வானிலை பார்த்துக்கிட்டிருந்த ஃபாபுஷ், மில்லர்ங்கிற ரெண்டு அதிகாரிகள் பழைய வரைபடங்களை எல்லாம் தோண்டிப் பார்க்கறாங்க. அஞ்சே நாள்ல, மார்ச் 25 அன்னைக்கு, வானம் அச்சு அசல் அதே மாதிரி இருக்கு. துணிஞ்சு 'இன்னைக்கு டொர்னேடோ வரலாம்'னு அறிவிக்கறாங்க. விமானங்களை உள்ள தள்ளி நிறுத்தறாங்க. சாயங்காலம் நிஜமாவே அதே தளத்துல டொர்னேடோ அடிக்குது, உயிரிழப்பு இல்லை. டொர்னேடோவை முன்கூட்டியே சொல்ல முடியும்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் ரேடார், சாட்டிலைட், டாப்ளர் ரேடார், கம்ப்யூட்டர் மாடல்னு வரிசையா வந்துச்சு. ஊருக்கு ஊர் சைரன் வந்துச்சு. சாவு எண்ணிக்கை படிப்படியா இறங்குச்சு. ஒரே டொர்னேடோவுல நூறு பேர் சாகுற காலம் முடிஞ்சுபோச்சுன்னு பலர் நம்ப ஆரம்பிச்சாங்க.

2011 ஏப்ரல்

அந்த நம்பிக்கை 2011-ல உடைஞ்சுது. அந்த ஏப்ரல் மாசம் மட்டும் அமெரிக்காவுல 750-க்கும் மேற்பட்ட டொர்னேடோ. ஏப்ரல் 25 முதல் 28 வரை நாலே நாள்ல சுமார் 360. அதுலயும் 27-ம் தேதி ஒரே நாள்ல 300 பேருக்கு மேல இறந்தாங்க, பெரும்பாலும் அலபாமா மாநிலத்துல. டஸ்கலூசாங்கிற பல்கலைக்கழக நகரத்து நடுவுலயே ஒண்ணு புகுந்து போச்சு.

கவனிக்க வேண்டியது, முன்னறிவிப்பு தோத்துப் போகல. ஆபத்து வருதுன்னு நாள்கணக்குல முன்னாடியே சொல்லியாச்சு. அன்னைக்கு எச்சரிக்கைகள் சராசரியா 20 நிமிஷத்துக்கும் மேல முன்னாடியே போயிடுச்சு. ஆனா அன்னைக்குக் காலையிலேயே வந்த முதல் சுற்றுப் புயல் பல இடங்கள்ல கரண்டைப் பிடுங்கிடுச்சு. டிவி இல்லை, சில இடங்கள்ல வானிலை ரேடியோவும் இல்லை. சாயங்காலம் பெரிய சுற்று வந்தப்ப எச்சரிக்கை இருந்துச்சு, அதைக் கேட்க வழி இல்லாத வீடுகளும் இருந்துச்சு.

ஜாப்ளின், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

ஒரு மாசம் கூட ஆகல. மிசௌரியோட தென்மேற்கு மூலையில இருக்கிற ஜாப்ளின், சுமார் 50,000 பேர் வாழற ஊர். மே 22, ஞாயிறு. ஹைஸ்கூல் பட்டமளிப்பு விழா அன்னைக்குத்தான். நல்லவேளையா விழா நடந்தது பள்ளியில இல்ல, டொர்னேடோ பாதையில் இல்லாத ஒரு பல்கலைக்கழக வளாகத்துல.

இனி நேரத்தைப் பார்த்துக்கிட்டே வாங்க. 5:09-க்கு ஒரு எச்சரிக்கை. அது ஊரோட வடக்குப் பகுதியைத் தொட்டுக்கிட்டுப் போற வேற ஒரு புயலுக்கு. 5:11-க்கு சைரன் அடிக்குது. சைரனுக்கு வடக்கு, தெற்கு தெரியாது, ஊர் முழுக்க அடிக்கும். ஜனங்க எட்டிப் பார்க்கறாங்க, தலைக்கு மேல பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை. சைரன் நிக்குது. 5:17-க்கு ரெண்டாவது எச்சரிக்கை, இதுதான் உண்மையான ஆளுக்கு. 5:34-க்கு ஊரோட மேற்கு ஓரம் டொர்னேடோ தரை இறங்குது. 5:38-க்கு ரெண்டாவது சைரன் அடிக்கும்போது அது ஊருக்குள்ள நுழைஞ்சுக்கிட்டிருக்கு. சுத்தி மழைத்திரை மூடியிருந்ததால, தூரத்துல கறுப்பா ஒரு மழை வர்ற மாதிரிதான் நிறைய பேருக்குத் தெரிஞ்சுது.

கணக்குப்படி 17 நிமிஷம் கிடைச்சுது. அது நல்ல அவகாசம். அந்த 17 நிமிஷத்துல ஜனங்க என்ன பண்ணாங்க? அமெரிக்க வானிலை சேவை அப்புறமா அங்க போய், பிழைச்சவங்களோட பேசி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. பெரும்பாலானவங்க முதல் சைரனுக்கு ஒதுங்கவே இல்லை. டிவி போட்டுப் பார்த்தாங்க, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாங்க, சொந்தக்காரங்களுக்கு ஃபோன் பண்ணாங்க. இன்னொரு உறுதி கிடைச்ச பிறகுதான் ஓடினாங்க. சிலருக்கு அது கிடைக்கும்போது நேரம் போயிடுச்சு.

அவங்க முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்துல நாடு முழுக்க டொர்னேடோ எச்சரிக்கைகள்ல சுமார் 4-ல 3 பொய்யாப் போகும். சைரன் அடிக்கடி கேட்கிற ஊர் அது. நாலு தடவை எழுப்பி மூணு தடவை ஒண்ணுமில்லன்னா, அஞ்சாவது தடவை நானும் ஜன்னல் வழியாத்தான் பார்ப்பேன். ஜனங்க பீதியாகி ஓடுவாங்கன்னு பயந்து அம்பது வருஷம் ஒரு வார்த்தையையே தடை பண்ணி வச்சிருந்தாங்க. கடைசியில பிரச்சினை நேர் எதிரா இருந்துச்சு. யாரும் அவ்வளவு சீக்கிரம் ஓடறதில்லை.

அந்த அரை மணி நேரமும் அதுக்கு அப்புறமும்

அது EF5, அளவுகோல்லயே உச்சம். காத்து மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல. அதிகபட்ச அகலம் ஒன்றரை கிலோமீட்டரை நெருங்குச்சு. 7,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதம். பெரும்பாலான வீடுகள்ல ஒதுங்கறதுக்குத் தரைக்குக் கீழ அறை கிடையாது, ஊருக்குன்னு பொதுப் பாதுகாப்பு அறையும் இல்லை. சைரனை நம்பி ஓடணும்னாலும் பலருக்கு ஓட இடமே இல்லை. பெரிய கடைகள்ல, கூரை பறந்ததும் கனமான கான்கிரீட் சுவர்கள் சரிஞ்சு உள்ளே இருந்தவங்க மேலேயே விழுந்துச்சு.

செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை நேரா பாதையில இருந்துச்சு. கட்டடம் நின்னுச்சு. ஆனா ஜன்னல் எல்லாம் போச்சு, கரண்ட் போச்சு, ஜெனரேட்டரும் போச்சு. உள்ளே 183 நோயாளிகள். இருட்டுல, படிக்கட்டு வழியா, கதவுகளைக் கூட ஸ்ட்ரெச்சராக்கி சுமார் 90 நிமிஷத்துல எல்லாரையும் வெளிய கொண்டு வந்தாங்க. எக்ஸ்ரே ஃபிலிம்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால போய் விழுந்துச்சு. ஆனா நோயாளிகளோட விவரம் தொலையல. மூணு வாரம் முன்னாடி, மே 1-ம் தேதிதான் அந்த மருத்துவமனை பேப்பர்லேர்ந்து எலக்ட்ரானிக் பதிவுக்கு மாறியிருந்துச்சு, டேட்டா சென்டர் வேற ஊர்ல. பேக்கப் எடுக்கச் சொன்னா சலிச்சுக்கிற என்னை மாதிரி ஆளுங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

பிழைச்சவங்களுக்கும் ஆபத்து முடியல. காயத்துக்குள்ள மண்ணும் மரத்துகளும் போனதால 13 பேருக்கு மியூகோர்மைகோசிஸ். ஆமா, கொரோனா சமயத்துல 'கறுப்புப் பூஞ்சை'னு நாம கேட்டோமே, அதே நோய். அதுல 5 பேர் இறந்தாங்க.

அந்த வருஷம் மொத்தம் 553 பேர் டொர்னேடோவுல இறந்தாங்க. 1950-லேர்ந்து இருக்கிற பதிவுகள்ல அதுதான் மிக மோசமான ஆண்டு.

ஜாப்ளின் எழுந்த விதமும் சொல்லணும். ஹைஸ்கூல் அழிஞ்சுபோச்சு. ஆனா ஆகஸ்ட் 17-க்குப் பள்ளி திறக்கும்னு வாக்குக் கொடுத்தாங்க, 87-வது நாள் திறந்தாங்க. பெரிய வகுப்புகள் ஒரு மாலுக்குள்ள நடந்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து போனாங்க. புது மருத்துவமனை 2015-ல திறந்துச்சு. பள்ளிகள்ல பாதுகாப்பு அறைகள் வந்துச்சு.

மாறின விஷயம்

2012-ல வானிலை சேவை மிசௌரி, கன்சாஸ் பகுதியில ஒரு சோதனை ஆரம்பிச்சுது. எல்லா எச்சரிக்கையும் ஒரே குரல்ல கத்தாம, வரப்போறது எவ்வளவு பெருசு, வீட்டுக்கு என்ன ஆகும், உயிருக்கு என்ன ஆகும்னு தனித்தனியாச் சொல்றது. எங்க பாஷையில சொன்னா, அலர்ட்டுக்கு சிவியாரிட்டி லெவல் வச்சாங்க. அப்புறம் அது நாடு முழுக்கப் பரவுச்சு. அதே வருஷம் செல்ஃபோனுக்கு நேரடியா எச்சரிக்கை அனுப்பறதும் தொடங்குச்சு. 2023-ல நம்ம ஃபோன்கள் திடீர்னு பீப் அடிச்சு ஒரு டெஸ்ட் மெசேஜ் காட்டுச்சே, அதுவும் இந்த மாதிரிதான்.

கட்டடத்துக்கு மட்டும் ரொம்ப லேட். ஜாப்ளினை ஆராய்ஞ்சு 2014-ல வந்த அரசு ஆய்வோட பரிந்துரையிலேர்ந்து, மருத்துவமனை, பள்ளி மாதிரி முக்கியக் கட்டடங்களை டொர்னேடோவைக் கணக்குல எடுத்து வடிவமைக்கணும்ங்கிற தரநிலை 2021 கடைசியிலதான் வெளிவந்துச்சு. பத்து வருஷம்.

அன்னைக்கு அந்த டெஸ்ட் மெசேஜ் வந்தப்ப நான் படிக்கவே இல்லை. 'ஓகே' அமுக்கிட்டு வேலையைப் பார்த்தேன். இந்த எபிசோடுக்காகப் படிச்சதுக்கு அப்புறம்தான் அது உறுத்துது. நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதி அனுப்புங்க.