தடிப்புச் சொரியாசிஸ்: வாய்வழி மருந்துகளும் மருந்து ஆய்வுகளும்
நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை

சொரியாசிஸ் நோய்க்கு மாத்திரை வடிவிலான சிகிச்சை பெறுவோருக்கும், புதிய மருந்தின் ஆய்வில் சேர அழைக்கப்பட்டோருக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் உரிய விளக்கங்கள் இப்பக்கத்தில் தரப்பட்டுள்ளன. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களிலிருந்து வரும் நோயாளிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளின் அடிப்படையில் இது எழுதப்பட்டுள்ளது.

தடிப்புச் சொரியாசிஸ் என்பது என்ன?

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவைக்கு மேல் தூண்டப்படுவதால் தோல் செல்கள் மிக விரைவாகப் பெருகுகின்றன. இதனால் சிவந்த, தடித்த, வெண்ணிறச் செதில்கள் உதிரும் படைகள் தோன்றுகின்றன. முழங்கை, முழங்கால், உச்சந்தலை, முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவை இந்நோய் மிகுதியாகக் காணப்படும் இடங்கள். சித்த மருத்துவத்தில் இது காளாஞ்சகப்படை எனப்படுகிறது.

இது தொற்றுநோய் அன்று. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ பரவாது. உலக சுகாதாரப் பேரவை 2014ஆம் ஆண்டில் இதனைத் தொற்றாத, நாட்பட்ட, வலியும் உருக்குலைவும் தரும் நோய் என ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. சிலருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படும். காலையில் எழுந்தவுடன் விரல் மூட்டுகளில் விறைப்பும் வீக்கமும் இருந்தால், அதை வேலை அலுப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மாத்திரை யாருக்குத் தேவைப்படும்?

படைகள் சிறிதளவே இருப்பின் களிம்புகளும் ஈரப்பதம் காக்கும் பூச்சுகளும் போதுமானவை. படைகள் உடலில் பரவலாக இருந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால், முகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களைப் பாதித்து அன்றாட வேலையைத் தடுத்தாலும், மூட்டு நோய் சேர்ந்திருந்தாலும் மாத்திரை, ஒளிச்சிகிச்சை அல்லது ஊசி மருந்து தேவைப்படலாம். களையெடுப்பவருக்கும் தீப்பெட்டிக் கட்டு அடுக்குபவருக்கும் உள்ளங்கையில் வரும் வெடிப்பு, அளவில் சிறியதாயினும் வாழ்வாதாரத்தைப் பாதிப்பதாகும். சிகிச்சையை முடிவு செய்யும்போது மருத்துவர்கள் இதனையும் கருத்தில் கொள்வர்.

பயன்பாட்டில் உள்ள வாய்வழி மருந்துகள்

மெத்தோட்ரெக்சேட்: நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்குழு, 1940களில் ஃபோலிக் அமிலம் குறித்த பணியின் தொடர்ச்சியாக அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உருவாக்கியது. மூட்டு நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது அவர்களுடைய சொரியாசிஸ் படைகளும் தெளிந்தது 1951இல் பதிவு செய்யப்பட்டது. தற்செயலாகக் கண்ட இப்பயன் பின்னர் முறையான ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டது. இம்மருந்து வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளப்படுகிறது.

சைக்ளோஸ்போரின்: விரைவாகப் பயன் தரும். சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் குறுகிய காலத்திற்கே வழங்கப்படுகிறது.

அசிட்ரெடின்: கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும். மருந்தை நிறுத்திய பின்னரும் 3 ஆண்டுகள் கருத்தரித்தல் கூடாது. எனவே குழந்தைப்பேறு பெறும் வயதுள்ள பெண்களுக்கு இது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

அப்ரெமிலாஸ்ட்: அமெரிக்காவில் 2014இலும், இந்தியாவில் 2017இலும் பயன்பாட்டுக்கு வந்தது. வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி, எடை குறைதல், சிலருக்கு மனச்சோர்வு ஆகியன இதன் பக்கவிளைவுகள்.

டியூக்ராவாசிடினிப்: நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் செயல்படும் 'டிக்-2' என்னும் நொதியைத் தடுக்கும் மருந்து. 2022இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றது.

மருந்து ஆய்வு என்பது என்ன?

கிளினிக்கல் டிரையல் எனப்படும் மருந்து ஆய்வு, ஒரு மருந்து மனிதர்களுக்குப் பாதுகாப்பானதா, பயன் தருவதா என்பதைக் கண்டறியும் முறையாகும். முதற்கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பும், இரண்டாம் கட்டத்தில் ஏற்ற அளவும், மூன்றாம் கட்டத்தில் பல நூறு பேரிடம் பயனும் ஆராயப்படுகின்றன. விற்பனைக்கு வந்த பின் நடைபெறுவது நான்காம் கட்டம்.

பங்கேற்பாளர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படுகின்றனர். ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்தும், மற்றொரு பிரிவினருக்குப் பழைய மருந்தோ, மருந்துச் சத்து இல்லாத வெற்று மாத்திரையோ வழங்கப்படும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. சொரியாசிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோயாதலால், வெற்று மாத்திரை உண்டவர்களிலும் சிலருக்குப் படை குறையும். அந்த எண்ணிக்கையைக் கழித்தால்தான் மருந்தின் உண்மையான பயன் விளங்கும்.

ஆய்வு முடிவுகளைப் புரிந்துகொள்வது எப்படி?

படையின் பரப்பு, சிவப்பு, தடிப்பு, செதில் ஆகியவற்றைக் கணக்கிட்டு 0 முதல் 72 வரை வழங்கப்படும் மதிப்பெண் 'பாசி' எனப்படுகிறது. 'பாசி 75' என்பது அம்மதிப்பெண் நான்கில் மூன்று பங்கு குறைந்துள்ளதைக் குறிக்கும். அது முழுக் குணம் என்று பொருள்படாது.

• அப்ரெமிலாஸ்ட் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்றில் 844 பேர் பங்கேற்றனர். 16 வாரங்களில் மருந்து பெற்றோரில் 100க்கு 33 பேரும், வெற்று மாத்திரை பெற்றோரில் 100க்கு 5 பேரும் பாசி 75 நிலையை அடைந்தனர். அதாவது, மருந்தினால் கூடுதலாகப் பயன் பெற்றவர்கள் 100க்கு 28 பேர்.

• டியூக்ராவாசிடினிப் மருந்தின் 666 பேர் கொண்ட ஆய்வில் இந்நிலையை அடைந்தோர் 100க்கு 58 பேர். அதே ஆய்வில் அப்ரெமிலாஸ்ட் பெற்றோரில் 35 பேரும், வெற்று மாத்திரை பெற்றோரில் 13 பேரும் இந்நிலையை அடைந்தனர்.

• ஐகோட்ரோகின்ரா என்னும் புதிய மாத்திரையின் இரண்டாம் கட்ட ஆய்வில், மிக உயர்ந்த அளவு பெற்றோரில் 100க்கு 79 பேர் பாசி 75 நிலையை அடைந்தனர். 255 பேர் பங்கேற்ற இவ்வாய்வின் முடிவுகள் 2024இல் வெளியாயின.

• சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் கடும் சொரியாசிஸ் உள்ள 60 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் 10 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட் பெற்றோரில் 10க்கு ஏறத்தாழ 7 பேரும், 25 மில்லிகிராம் பெற்றோரில் 10க்கு 9 பேரும் 12 வாரங்களில் பாசி 75 நிலையை அடைந்தனர். அளவு கூடியபோது பயனும் பக்கவிளைவும் சேர்ந்தே கூடின.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடைபெற்று 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், மெத்தோட்ரெக்சேட் பெற்றோரில் 100க்கு 36 பேரே இந்நிலையை அடைந்தனர். ஒரே மருந்துக்கு இத்தகைய வேறுபாடு வரக் காரணம் என்ன? மருந்தின் அளவு, நோயின் கடுமை, பங்கேற்றோர் எண்ணிக்கை, இடையில் விலகியோரைக் கணக்கிடும் முறை ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு மாறுபடும். ஆகவே ஓர் ஆய்வின் எண்ணை மற்றோர் ஆய்வின் எண்ணுடன் நேராக ஒப்பிடுதல் கூடாது. ஒரே ஆய்வுக்குள் ஒப்பிடப்பட்ட மருந்துகளையே உறுதியாக ஒப்பிட முடியும்.

பயன் தரும் மருந்து அனைத்தும் அனுமதி பெறுவதில்லை. டோஃபாசிடினிப் மாத்திரை சொரியாசிஸ் ஆய்வுகளில் நல்ல பயன் காட்டியும், 2015இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு இந்நோய்க்கு அதனை அனுமதிக்கவில்லை. மூட்டு நோயாளிகளிடம் பின்னர் நடந்த நீண்டகால ஆய்வு, இதய நோய், புற்றுநோய் ஆபத்துகள் ஒப்பிட்ட மருந்தைவிட அதில் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 16 வாரத்தில் தெரியாத தீங்கு ஆண்டுகள் கழித்துத் தெரியக்கூடும்.

ஆய்வில் பங்கேற்போரின் உரிமைகள்

இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019 நடைமுறையில் உள்ளன. அவற்றின்படியும் ஆய்வு நெறிமுறைகளின்படியும்:

• ஒவ்வொரு மருந்து ஆய்வும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும். 2007இல் தொடங்கப்பட்ட இப்பதிவகத்தில் 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். 'சி.டி.ஆர்.ஐ.' எனத் தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறலாம். பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி ஆய்வு தொடங்கக் கூடாது. அக்குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும், சட்டம் அறிந்தவரும் இடம்பெற வேண்டும்.

• ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம், ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டி விளக்கிய பின்னரே கைரேகை பெற வேண்டும். படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

• ஆய்வினால் உடல்நலம் பாதிக்கப்பட்டால் கட்டணமின்றிச் சிகிச்சை பெறவும், பாதிப்பு ஆய்வினால் நேர்ந்தது என உறுதியானால் இழப்பீடு பெறவும் உரிமை உண்டு.

• எந்நேரமும், காரணம் கூறாமல், ஆய்விலிருந்து விலகலாம். மறுப்பதாலோ விலகுவதாலோ வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எனக்கு வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? எத்தனை வாரங்களுக்கு?
2. இப்போது உண்ணும் மருந்தை நிறுத்த வேண்டுமா? அந்த இடைவெளியில் நோய் கூடினால் என்ன செய்வீர்கள்?
3. எத்தனை முறை வர வேண்டும்? பேருந்துக் கட்டணமும் இழக்கும் நாட்கூலியும் ஈடு செய்யப்படுமா?
4. நள்ளிரவில் உடல்நலம் கெட்டால் யாரை அழைப்பது?
5. ஆய்வு முடிந்த பின் பயன் தந்த மருந்து எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா?

மூன்றாம் கேள்வி நம் வட்டாரத்திற்கு மிக முக்கியமானது. தோல் நோய் ஆய்வுகள் பெரும்பாலும் நகரங்களில் உள்ள மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் நடைபெறுகின்றன. மானாவாரி விதைப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு ஆகிய காலங்களில் இருவாரத்திற்கு ஒரு முறை நகரத்திற்குச் செல்ல இயலுமா என்பதைக் குடும்பத்துடன் கலந்து முடிவெடுக்கவும். ஆய்வில் சேராதிருப்பது தவறன்று. இன்று கிடைக்கும் மருந்துகளை முறையாக உண்பதே பலருக்குப் போதுமானது.

காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமித் தொற்று, கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. ஆய்வில் இடம் கிடைக்க வேண்டி இவற்றை மறைத்தல் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மாத்திரை உண்போர் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டியவை

மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே. இதனை நாள்தோறும் உண்டால் வாய் முழுதும் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, இறப்பு நேரலாம். 'புதன்கிழமை மட்டும்' என்பது போல ஒரு கிழமையைக் குறித்து, அட்டையின் மீதே எழுதி வைக்கவும். ஃபோலிக் அமில மாத்திரை வேறு கிழமைக்கு உரியது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். கண் பார்வை குறைந்த முதியோருக்குப் பராமரிப்பாளரே மாத்திரையை எடுத்துத் தர வேண்டும்.

• மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் செய்துகொள்ளவும்.
• மது அருந்துதல் அறவே கூடாது.
• காய்ச்சல், சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு வேறு மருத்துவரிடம் செல்லும்போது மாத்திரை அட்டையைக் காட்டவும். கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்த்து உண்பது ஆபத்தானது. வலி மாத்திரைகளையும் தாமாக வாங்கி உண்ண வேண்டாம்.
• கருத்தரிக்கத் திட்டமிடும் தம்பதியர், கணவர் மருந்து உண்பவராயினும், முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• சித்த மருந்துகளோ நாட்டு மருந்துகளோ உட்கொண்டால் இரு தரப்பு மருத்துவர்களிடமும் கூறவும்.
• மருந்துக் கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்ண வேண்டாம். 'ஒரே ஊசியில் படை மறையும்' என்னும் பேச்சையும் நம்ப வேண்டாம். படை சில நாட்களில் மறையும். மருந்து நின்றவுடன் உடல் முழுதும் சிவந்தோ, சீழ்க்கொப்புளங்களுடனோ நோய் கடுமையாகத் திரும்பக்கூடும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

வாய்ப்புண், காய்ச்சல், தோலில் இரத்தக் கசிவு, வறட்டு இருமலுடன் மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல், உடல் முழுதும் சிவந்து நடுக்கம், சீழ்க்கொப்புளங்கள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த மாத்திரையை உண்ணாமல், மாத்திரை அட்டையுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வரவும். ஆய்வில் பங்கேற்பவராயின் ஒப்புதல் படிவத்தின் நகலையும் கொண்டு வரவும். எந்த ஆய்வு, எந்த மருந்து என்பது அதிலிருந்தே மருத்துவருக்குத் தெரியவரும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. மருந்தைத் தொடங்குதல், மாற்றுதல், நிறுத்துதல் ஆகியவற்றைத் தங்கள் மருத்துவரின் ஆலோசனையின்படியே மேற்கொள்ளவும்.