இசுப்பு இறப்பான் வழிமரபு

சேலம், நாமக்கல் நிலப்பகுதியில் ஒருவரது குடிவரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் வினவுவன குலமும் குலதெய்வமுமே. அயோத்தியாப்பட்டணத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இவ்வழக்கைக் காணலாம். கடல்கடந்து வந்து குடியேறிய யூதரது வழிமரபை அறிதற்கு இக்கருவிகள் பயன்படா. ஆயினும், அத்தகையார் ஒருவரைப் பற்றிய சான்று, தமிழ் பயில்வார் படித்தறியத்தக்க மொழியிலேயே கிடைத்துள்ளது. அதுவே கொச்சி யூதர் செப்பேடு.

வட்டெழுத்தில் அமைந்த இச்செப்பேடு, சேரமன்னன் பாற்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளிய காலத்து வழங்கியதாகும். இதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 1000 என்பர் அறிஞர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் இதன்கண் இசுப்பு எனத் திரிந்து நிற்கின்றது. இசுப்பு இறப்பானுக்கு அஞ்சுவண்ணமும், எழுபத்திரண்டு வீடுபேறும், பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை முதலிய சிறப்புரிமைகளும் அளிக்கப்பட்டன. உல்கும் துலாக்கூலியும் நீக்கப்பட்டன.

இனி, இவ்வுரிமை யார்யாரைச் சாரும் என்பதே நாம் கருதற்பாலது. ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், பெண்மக்களைக் கொண்ட மருமக்கள் எனச் செப்பேடு வரிசைப்படுத்துகின்றது. மருமக்கள் என்னும் சொல் இருமுறை வருவதேன்? நம் வழக்கில் உடன்பிறந்தாள் மகனும் மகளைக் கொண்டவனும் மருமகன் எனவே படுவர். பின்னதற்கு அடைகொடுத்துப் பிரித்தமையின், முன்னது உடன்பிறந்தாள் மக்களைக் குறித்ததெனக் கொள்ளுதலே பொருந்தும். வந்தேறிய குடியின் உறவுமுறை இந்நாட்டுச் சொல்லாலேயே அளக்கப்பட்டமை இதனால் விளங்கும்.

பிற்காலத்தே, 1568இல் மட்டாஞ்சேரியில் தொழுகைக்கூடம் எழுப்பிய பரதேசி யூதரும், அவர்க்கு முன்னரே வாழ்ந்த மலபார் யூதரும், இசுப்பு இறப்பானின் வழியினர் தாமே எனத் தனித்தனியே உரிமை கொண்டாடினர். ஒருவர் மற்றவரோடு மணவுறவும் கொள்ளாது விலகினர். தலைமுறை தோறும் பெயர்நிரல் தொடர்ந்து கிடையாமையின், இவ்வழக்கைத் தீர்த்தல் எளிதன்று. எனினும் ஒன்று தெளிவு: பெண்வழியையும் மணவழியையும் உள்ளடக்கிய ஓர் ஆவணத்தைக் காட்டி, குருதித் தூய்மை பேசி ஒருவரை விலக்குதல் அவ்வாவணத்தின் கருத்துக்கு மாறானதேயாம்.

1950ஆம் ஆண்டுகளில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். 2017இல் இச்செப்பேட்டின் படியொன்று இந்தியத் தலைமை அமைச்சரால் இசுரேலியத் தலைமை அமைச்சருக்கு வழங்கப்பெற்றது. வந்தவரை வரவேற்ற சொல், சென்றவரைத் தொடர்ந்து கடல் கடந்தது எனலாம்.