கமராவில் தங்கிய ஊர்

ஹிப்ஹொப் என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். "காது கிழியிற சத்தம், வேறென்ன?" என்று கேட்போரும் உண்டு. ஆனால் 1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞரிடையே பிறந்த இக்கலை, பத்திரிகையில் வராத தெருச் செய்தியைச் சொல்லும் குரலாக விரைவிலேயே வளர்ந்தது.

அத்துறையில் உலகப் புகழ் பெற்ற நம் நாட்டுத் தொடர்புடைய பெண், எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருள்பிரகாசம். 1975இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் போர் காரணமாக இலண்டனுக்கே திரும்பியவர். அவரைப் பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' என்ற ஆவணப்படம் 2018இல் சண்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருது பெற்றது.

படத்தின் பலம் பாட்டில் மட்டுமல்ல. பாடகியாகும் முன் ஆவணப்படம் எடுக்க விரும்பியவர் மாயா. வீட்டாரைத் தாமே படம்பிடித்து வைத்தார். 2001இல் இலங்கை வந்து உறவினரையும் பதிவு செய்தார். அன்று வீட்டுப் பேச்சாக இருந்தது இன்று வரலாற்றுச் சான்று.

இங்கேதான் நமக்கு மனம் உறுத்துகிறது. அதே வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி மக்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். காசும் நகையும் பறிபோயின. அந்த நேரத்தில் வாப்பாவின் கலியாணப் படத்தை யார் தேடி எடுப்பது? சோனகத் தெருவின் எத்தனையோ வீட்டு அல்பங்கள் அப்படியே போய்விட்டன.

வெளியேற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். குடியேறிகளைக் கண்டு அஞ்சும் மேற்கு நாடுகளைக் கேலி செய்யும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல் அடங்கிய மாயாவின் 'கலா' இசைத்தொகுப்பு வந்ததும் அதே ஆண்டுதான்.

ஒருவர் வலியைச் சொன்னால் மற்றவர் வலி குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால்தான் காணாமற் போகும். மாயாவின் படம் ஒரு பெண்ணின், ஒரு குடும்பத்தின் கதை. அதில் நம்முடைய கதை இல்லையே என்று குறைப்படுவதில் நியாயமில்லை. நம்முடையதை நாம்தான் சேர்க்க வேணும்.

1990இல் முப்பது வயதானவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். புத்தளத்திலும் கொழும்பிலும் அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். மாயாவிடம் அன்றிருந்த கமராவைவிட நல்ல கமரா இன்று நம் மாணவர்களின் போனில் இருக்கிறது. றப் பாடுகிற பிள்ளையைக் கண்டிக்கும் முன், "உம்மும்மாவிடம் அந்த இரண்டு மணித்தியாலத்தைக் கேட்டுப் பதிந்து வா" என்று சொல்லிப் பார்க்கலாம். பெயர், தெரு, திகதி மூன்றையும் தவறாமல் குறிக்கச் சொல்லுங்கள். பாட்டோ படமோ, பிள்ளை பிறகு தானாகச் செய்துகொள்ளும்.