நிலவறையில் இருவர்: ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், 2001

லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் நூறாம் எண் கட்டிடத்தின் நிலவறையில் இயங்கும் 'ஹண்ட்ரட் கிளப்' ஏறத்தாழ முந்நூற்றைம்பது பேர் மட்டுமே நிற்கக்கூடிய, தாழ்ந்த கூரை கொண்ட அரங்கு. போர்க்காலமான 1942 முதல் அங்கே இசை ஒலித்து வருகிறது. முதலில் ஜாஸ், பின்னர் ப்ளூஸ், 1976 செப்டம்பரில் இரண்டு நாள் நடந்த பங்க் விழாவில் செக்ஸ் பிஸ்டல்ஸும் க்ளாஷும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2001 ஜூலை 26 அன்று, அதே மேடையில் டெட்ராய்டிலிருந்து வந்த இருவர் ஏறினார்கள். ஒரு கித்தார், ஒரு ட்ரம்ஸ், சிவப்பும் வெள்ளையுமான உடைகள். அரங்கு நிரம்பி வழிந்தது. முந்தைய நாள்தான் ஜான் பீலின் பிபிசி வானொலி நிகழ்ச்சிக்காக அவர்கள் வாசித்திருந்தார்கள்.

இந்த இருவரைப் புரிந்துகொள்ள அவர்களுடைய நகரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950இல் பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த டெட்ராய்டில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மிஞ்சியவர்கள் சுமார் ஒன்பதரை இலட்சம் பேர். கார்த் தொழிற்சாலைகள் தேய்ந்தன. 1967 கலவரத்தில் நாற்பத்துமூன்று உயிர்கள் போயின. மோடவுன் இசை நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலீஸுக்கே குடிபெயர்ந்தது. கைவிடப்பட்ட நகரத்தில் வாடகை மலிவு. பெரிய நிறுவனங்களின் முகவர்கள் எட்டிப்பார்க்காத ஊரில் யாருக்கும் பிடித்தபடி வாசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. காஸ் அவென்யூவில் இருந்த 'கோல்ட் டாலர்' என்ற மதுவிடுதி அப்படிப்பட்ட குழுக்களின் கூடாரமாயிற்று. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான், 1997 ஜூலை 14 அன்று. மெக் ஒயிட் ட்ரம்ஸ் வாசிக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

ஜாக், சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் உறை தைத்துப் பஞ்சடைக்கும் தொழில் கற்றவர். 1996இல் மெக்கை மணந்தபோது மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டார். 2000 மார்ச்சில் மணமுறிவு. ஆனால் வெளியுலகுக்கு அவர்கள் சொன்னது 'நாங்கள் உடன்பிறந்தவர்கள்' என்பதே. திருமணச் சான்றும் மணமுறிவுச் சான்றும் அச்சில் வந்த பிறகும் அந்தக் கதையை அவர்கள் விடவில்லை. கணவன் மனைவி என்றால் மக்கள் உறவைத்தான் ஆராய்வார்கள், உடன்பிறந்தவர்கள் என்றால் இசையைக் கேட்பார்கள் என்பது ஜாக் பிற்பாடு தந்த விளக்கம். பொய்தான். எனினும் அதற்குள் ஒரு கலைஞனின் பதற்றம் இருக்கிறது.

அவர்களுடைய இரண்டாவது இசைத்தொகுப்பின் (2000) பெயர் 'டி ஸ்டைல்'. 1917இல் நெதர்லாந்தில் தோன்றிய கலை இயக்கத்தின் பெயர் அது. நேர்கோடுகளையும் அடிப்படை நிறங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் களைந்த இயக்கம். அத்தொகுப்பு அவ்வியக்கத்தின் கட்டிடக் கலைஞர் ரீட்வெல்ட்டுக்கும், ஜார்ஜியாவைச் சேர்ந்த பார்வையற்ற ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் வில்லி மெக்டெல்லுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. இவ்விரு பெயர்களும் ஒன்றாக நிற்பதே இக்குழுவின் அழகியல் எனலாம். குரல், கித்தார், ட்ரம்ஸ் என மூன்று. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்று. பேஸ் கித்தார் கிடையாது. ஜாக் வாசித்த ஏர்லைன் கித்தார், 1960களில் மான்ட்கோமரி வார்ட் பல்பொருள் அங்காடிகளில் விற்கப்பட்ட மலிவான கண்ணாடியிழைக் கருவி. சுருதி நழுவும், கையோடு மல்லுக்கு நிற்கும்.

சிறிய அரங்கில் இதன் விளைவு என்ன? நால்வர் வாசிக்கையில் ஒருவர் நிறுத்தினாலும் மற்றவர்கள் ஒலியைத் தாங்கிக்கொள்வார்கள். இருவர் வாசிக்கையில் ஒருவர் நிறுத்தினால் தரையே நழுவும். கித்தார் ஓயும் கணத்தில் மெக்கின் அடிமேளம் மட்டும் நெஞ்சுக்கூட்டில் மோதும். மேளமும் ஓய்ந்தால் கேட்பது கூட்டத்தின் மூச்சு. அதன்பின் இருவரும் சேர்ந்து பாயும்போது அந்தச் சத்தம் உள்ளதைவிடப் பன்மடங்காகத் தோன்றும். முன்கூட்டியே எழுதிய பாடல் வரிசையும் அவர்களிடம் இருப்பதில்லை. ஜாக் திடீரென ஒரு பாடலுக்குத் தாவுவார். மெக் அவர் முகத்தையும் விரல்களையும் பார்த்தே பின்தொடர்வார். மேடைக்கு மிக அருகில் நிற்பவர்களுக்கு அந்தப் பார்வைப் பரிமாற்றமும் இசையின் பகுதியே.

அந்தக் கோடைக்குப் பிறகு சிறிய அரங்குகள் அவர்களுக்குப் போதவில்லை. 2003இல் வெளிவந்த 'எலிஃபண்ட்' தொகுப்பின் 'செவன் நேஷன் ஆர்மி' பாடலின் ஏழு சுரங்களை அதே ஆண்டு அக்டோபரில் மிலான் நகரில் பெல்ஜியக் கால்பந்து ரசிகர்கள் பாடத் தொடங்க, 2006 உலகக் கோப்பையில் இத்தாலியே பாடியது. பேஸ் கித்தார் என்று பலரும் நம்பும் அந்த ஒலி, சாதாரணக் கித்தாரை மிதிகருவியால் ஒரு ஸ்தாயி கீழிறக்கியது. 2007இல் மெக்கின் கடுமையான மனப்பதற்றத்தால் சுற்றுப்பயணம் ரத்தானது. 2011 பிப்ரவரியில் குழு கலைந்தது. 2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்கள் சேர்க்கப்பட்டபோது மெக் வரவில்லை.

மெக்குக்கு வாசிக்கத் தெரியாது என்ற ஏளனம் தொடக்கம் முதலே உண்டு. 2023இலும் சமூக ஊடகத்தில் அது மீண்டும் கிளம்பியது; தேர்ந்த ட்ரம்ஸ் கலைஞர்கள் பலர் அவருக்காகப் பேசினார்கள். இந்த ஏளனம், விரலின் வேகத்தை இசை என்று எண்ணுகிறவர்களுடையது. சொற்களை எண்ணிக் கவிதையை மதிப்பிடுவதைப் போன்றது அது. மெக் எதை வாசிக்காமல் விட்டாரோ அந்த இடத்தில்தான் ஜாக்கின் கித்தார் குதித்தாடியது. அவருக்குப் பதில் வித்தை காட்டும் ஒருவரை அமர்த்தியிருந்தால், நமக்கு இன்னொரு நல்ல ராக் குழு கிடைத்திருக்கும். அந்த நிலவறையில் முந்நூற்றுச் சொச்சம் பேர் கேட்டது மட்டும் கிடைத்திருக்காது.