வேரைப் பார்க்காத கதை



உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைப் பயிர். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அங்கே சீக்கிரம் கிழங்கு வைக்கிற செடிகளையே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார்கள். கிழங்கைப் பார்த்தார்கள், வேரை யார் பார்த்தார்? (நாம மட்டும் என்ன வாழ்ந்தது!)

இந்தப் பயிருக்கு வேரில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணிலேயே நின்றுவிடும். நீண்ட வயது ரகமானால் வேர் கூடுதல் நாள் வளர்ந்து, தழைச்சத்தையும் கூடுதல் நாள் எடுக்கும். குறுகிய வயது ரகத்துக்கு அந்த அவகாசம் இல்லை. மழையில் கீழே இறங்கிய சத்து அதற்கு எட்டாது.

1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. பின்னாளில் உரம் தாராளமாகக் கிடைக்க, வேரின் குறை மறைஞ்சே போச்சு.

நம்ம நீலகிரியில் அதை வெளியே கொண்டுவந்தது நூற்புழு. 1961-இல் கண்டுபிடித்தார்கள். புழு தாக்கிய வேர் சத்தை எடுக்காது; செடி குட்டையாகி மஞ்சளிக்கும். 1985-இல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா இந்தப் புழுவை எதிர்க்கும் ரகம்.

பூக்கும் சமயத்தில் பயிர் திட்டுத் திட்டாக மஞ்சளித்தால், யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்னே ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துப் பாருங்க. வேரில் குண்டூசித் தலையளவு வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அது நூற்புழுதான்.